வீடு கொடுக்கும் ஊரில் மெட்டி ஒலி

சென்னைத் தொலைக்காட்சித் தொடர் மெட்டி ஒலி ஓடிய காலம், 2002 முதல் 2005 வரை. இஷாத் தொழுகை முடிந்ததும் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் டிஷ் பூட்டிய வீட்டில் கூடிவிடுவார்கள். அதில் வரும் தகப்பன் சிதம்பரத்தின் ஐந்து பெண்பிள்ளைகளுக்காகவும் அழுதார்கள். அந்த ஐவரில் சரோவை மாமியார் படுத்தும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் என் மூத்தம்மா ஒருநாள் கேட்டா: "அந்தப் புள்ளைக்கு ஊடு குடுக்கல்லயா கா? மாப்பிள்ளட ஊட்ட போய் ஏன் கிடக்கிறா?"

யாரும் சிரிக்கவில்லை. இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள எங்கள் ஊரில் மகளுக்குத்தான் வீடு. கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவான். பெற்றோர் இருந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்காக அதே வளவில் இன்னொன்று கட்டத் தொடங்குவார்கள். குடி என்ற குலப்பிரிவும் தாய்வழியில்தான் வரும். அக்கரைப்பற்றில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் இந்த வழக்கத்தை ஊன்றிப் பார்த்து எழுதியவர் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே. அவருடைய பெரிய நூல் 2008இல் வந்தது. மட்டக்களப்பில் போர்த்துக்கேயம் பேசும் பறங்கியரைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார்.

போர்த்துக்கேயம் என்றதும் எனக்கு நினைவு வருவது கப்ரியேலா. ஜோர்ஜ் அமாடோவின் நாவலைப் பிரேசிலின் குளோபோ நிறுவனம் 1975இல் தொடர் நாடகமாக்கியது. கதை நடப்பது தலைநகரில் அல்ல. இல்யேயுஸ் என்ற கடலோரச் சிற்றூரில். கொக்கோத் தோட்ட முதலாளிகள், அரபு வம்சத்து மதுக்கடைக்காரர் நசீப், அவரிடம் சமைக்க வந்த கப்ரியேலா. துறைமுக வாயிலில் மண் அடைத்துக் கப்பல் வர முடியாததுதான் ஊரின் பெரிய சண்டை. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயை மண் மூடியதையும், பக்கத்துக் கரையைக் கடல் தின்றதையும் கண்ட நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த நாடகம் 1977இல் போர்த்துக்கலுக்குப் போனது. ஒருகாலத்தில் ஆண்டவர்கள், ஆளப்பட்டவர்களின் பேச்சை அவர்களுடைய இழுவையோடே மாலைதோறும் உட்கார்ந்து கேட்டார்கள். பிரேசில் தன் பேச்சை யாருக்காகவும் திருத்தவில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது அதுதான்.

இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொரு போனில் துருக்கி நாடகம் பார்க்கிறார்கள். எர்துருலின் குதிரைகளை அவர்களுக்குப் பெயரோடு தெரியும். பார்க்கட்டும், நல்ல நாடகம்தான். ஆனால் மூத்தம்மா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் நாடகம் இன்னும் வரவில்லை. இதற்கிடையில் கேள்வியே கனத்துவிட்டது. பிரிக்கப் பிரிக்க வளவு சுருங்கிவிட்டது. ராத்தாவின் வீட்டுக்குக் கூரை போடக் காக்கா கட்டாரில் வெயில் குடிக்கிறான். அது முடிந்தாலும் தங்கச்சியின் வீடு நிற்கிறது. அவனுக்கு எப்போது கலியாணம்? சுனாமி கொண்டுபோன சீதன வீடுகளும் உண்டு. மகளுக்கு வீட்டைக் கொடுத்தபின் அதே குசினியில் உம்மாவின் சொல் எதுவரை செல்லும் என்பது ஒன்றே நூறு நாளைக்கு ஓடும்.

இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவை நம்மவர் நாடகங்களை முன்பே ஒலிபரப்பியது. இன்று ஒலுவிலில் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒவ்வொரு கையிலும் கமெரா இருக்கிறது. எழுத வேண்டியவர்கள் எழுதட்டும். "ஊட்ட", "கா", "புள்ள" எதையும் சென்னைக்காக மாற்றாமல் எழுதட்டும். சென்னைக்காரர்கள் நம் பேச்சை மெல்லப் பழகிக்கொள்வார்கள்; அவர்களுடையதை நாம் பழகவில்லையா?