எஃப் டிரைவின் எசமான்

பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கும் எந்த ஃப்ளெக்ஸ் கடைக்குள் நுழைந்தாலும் டிசைனர் தம்பியைப் பார்க்கலாம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஏசிக்கு நேர் கீழே உட்கார்ந்திருப்பார். அந்த ஏசி கம்ப்யூட்டருக்காக வாங்கியது என்று முதலாளி அண்ணாச்சி அடிக்கடி நினைவூட்டுவார். தம்பிக்கு அது காதில் விழாது. ஊரின் பிறப்பு, சடங்கு, கல்யாணம், கட்சி, சாவு அத்தனையும் அவருடைய எஃப் டிரைவில் அடக்கம்.

படங்களை வகை பிரித்து வைக்க அடோபி கம்பெனி 2005இல் 'பிரிட்ஜ்' என்றொரு மென்பொருளைத் தனியாகவே கொண்டுவந்தது. படத்துக்குக் குறிச்சொல் கொடுக்கலாம், நட்சத்திரம் போடலாம், ஐந்து நிறங்களில் லேபிள் ஒட்டலாம். தம்பி அதை ஒருநாள் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார். நம் ஊரில் எந்த நிறத்தைத் தொட்டாலும் அதற்கொரு மாவட்டச் செயலாளர் இருப்பாரே! நட்சத்திரம் இன்னும் மோசம். ஒன்றியத்துக்கு ஐந்து போட்டுவிட்டு வட்டத்துக்கு நான்கு போட்டால் கடைக் கண்ணாடி மிஞ்சுமா?

ஆகவே வகைகள் அவர் சொந்தமாகக் கண்டவை. 'உடம்பு' என்றொரு ஃபோல்டர். கோட் உடம்பு, வெள்ளை வேட்டி உடம்பு, கைகூப்பிய உடம்பு, பட்டுச்சேலை உடம்பு என வரிசையாக நிற்கும், ஒன்றுக்கும் தலை இருக்காது. ஆதார் அட்டையில் திருதிருவென்று விழிக்கும் மனிதர் ஐந்தே நிமிடத்தில் கோட் போட்டுக்கொண்டு காதணி விழாவுக்கு அழைப்பார்.

'அஞ்சலி' மட்டும் டெஸ்க்டாப்பிலேயே இருக்கும். சாவு வீட்டுக்காரர்கள் வாசலில் பைக்கை அணைக்காமல் நிற்பார்கள். அப்போது எஃப் டிரைவுக்குள் போய்த் தேடிக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்று, 'வேணாம்னு சொன்னது'. வாடிக்கையாளர்கள் தள்ளிவிட்ட டிசைன்கள் எல்லாம் அதில். அடுத்த வருடம் அதே மனிதர் வந்து, "போன தடவ ஒண்ணு காட்டுனீங்களே, அதையே போட்டுருங்க" என்பார். நான் பார்த்த கலைக் களஞ்சியங்களில் மனித மனத்தை இவ்வளவு துல்லியமாக வகைப்படுத்தியது வேறில்லை.

எழுத்துருக்கள் தனி உலகம். கல்யாண ஃபாண்ட், கட்சி ஃபாண்ட், சாமி ஃபாண்ட். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. சேதி எஃப் டிரைவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. பழைய கோப்பை வேறு கணினியில் திறந்தால், பாமினி ஃபாண்ட் இல்லாத குறைக்கு மணமக்கள் பெயர் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளுமாகப் பல்லிளிக்கும். போட்டிக் கடைக்காரர் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போனாலும் பிரயோசனமில்லை. தம்பியின் வருங்கால வைப்பு நிதி இதுதான்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் போட்டுப் போட்டு, பாதையின் நீளம் 260 எழுத்தைத் தொட்டதும் விண்டோஸே முரண்டு பிடித்ததுண்டு. தம்பி அசரவில்லை. எல்லாப் பெயரையும் ஓரெழுத்தாகச் சுருக்கிவிட்டார். அதுவரை அண்ணாச்சிக்குப் பாதியாவது புரிந்துகொண்டிருந்தது.

குலதெய்வம் கோயிலுக்கு அவர் லீவு போட்ட அன்றுதான் பெரிய ஆர்டர் வரும். அண்ணாச்சி போனைப் போடுவார்.

"தம்பி, அந்த மல்லிகைத் தோரணம் எங்கப்பா?"

"எஃப் டிரைவ் போங்கண்ணாச்சி. 'பு'ன்னு இருக்கும், புதுசு. அதுக்குள்ள 'ப', பழசு. அதுக்குள்ள 'தொ' இருக்கா?"

"இருக்கு. தொறந்துட்டேன்."

"ஐயோ, அது 'தொடாதே' அண்ணாச்சி! வெளிய வாங்க."

"நிறைய கேக்குதேப்பா... ஓகேன்னு குடுக்கவா, கேன்சலா?"

"எதையும் அமுக்காதீங்க. நான் சாயங்காலம் வந்துருதேன்." சற்று இடைவெளி. "அப்புறம் அண்ணாச்சி, அந்தச் சம்பள விஷயம்..."