மயிலுக்கு மஞ்சள் பூசலாமா?

கேள்வி: கையில் மயில் டாட்டூ குத்தி ஐந்து நாள் ஆகிறது. தோல் உரிகிறது, அரிப்பு தாங்கவில்லை. பாட்டி மஞ்சள் அரைத்துப் பூசச் சொல்கிறார். பூசலாமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு அது மயில். உடம்புக்கு அது புண். ஊசி மேல்தோலைத் தாண்டி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் மையை இறக்கியிருக்கிறது. அதை விழுங்க ஓடிவரும் நோய் எதிர்ப்பு அணுக்கள், செரிக்க முடியாமல் அங்கேயே தங்கிவிடுகின்றன. டாட்டூ அழியாமல் நிற்பது பெரும்பாலும் அவற்றால்தான். இப்போது தவிடுபோல உதிர்வது மேல்தோல், உதிரட்டும். பொருக்கை நகத்தால் பெயர்த்தால் மையும் சேர்ந்து வரும், தோகையில் ஒரு கண் குறையும். அரித்தால் உள்ளங்கையால் மெல்லத் தட்டுங்கள்.

‘அந்தக் காலத்தில் பச்சை குத்தி மஞ்சள்தானே பூசினோம்’ என்பார் பாட்டி. மஞ்சளுக்குக் கிருமியை அடக்கும் குணம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அம்மியில் அரைத்த விழுதில் மஞ்சள் மட்டுமா இருக்கிறது? நேற்றைய மிளகாயும் கல்லிடுக்கு அழுக்கும் சேர்ந்தே வரும். ஆறாத தோலுக்கு அது ஆகாது. வாசனையில்லாத சோப்பால் தினம் இருவேளை கழுவி, ஒற்றியெடுத்து, வாசனையில்லாத களிம்பை மெல்லியதாகத் தடவினால் போதும். இரண்டு மூன்று வாரம் நீச்சலும் உச்சி வெயிலும் கூடாது. சிவப்பு பரவினாலோ, சீழோ காய்ச்சலோ கண்டாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள்.