சீமை போனும் சிவாஜிநகர் சிம்மும்

அமெரிக்காவிலிருந்து அன்லாக் போன் கொண்டுவந்திருக்கியாமே மாப்ளே! உங்கம்மா காலங்காத்தாலயே கூப்பிட்டுச் சொல்லிட்டா. "எந்தப் பூட்டும் கிடையாதாம்ணா, உலகத்துல எந்த சிம் போட்டாலும் பேசுமாம்ணா"ன்னு ஒரே பெருமை. என் தங்கச்சிக்கு நீ சொன்னா வேதவாக்கு. ஓசூர்லேருந்து பெங்களூருக்குத் தக்காளி ஏத்திக் காலம் போன எனக்கு, எதையும் புரட்டிப் பாக்காம நம்புற பழக்கம் இல்லே. கோவிச்சுக்காதே, அந்த டப்பாவைக் கொஞ்சம் திருப்பு.

என்னமோ பொடி எழுத்துல போட்டிருக்கே, படி. "அசெம்பிள்டு இன் இந்தியா"வா? அட, நம்ம பிள்ளைதானா! 2025 மே மாசம் ஆப்பிள் கம்பெனித் தலைவர் டிம் குக்கே சொல்லிட்டார், அந்தக் காலாண்டுல அமெரிக்காவுல விக்கிற ஐபோன்ல பெரும்பங்கு இந்தியாவுலேருந்துதான் வரும்னு. ஸ்ரீபெரும்புதூர்ல பாக்ஸ்கான் பண்ணுது. கோலார் பக்கம் நரசாபுராவுல டாடா பண்ணுது. நம்ம ஓசூர்ல டாடா ஆலைக்குப் பொண்ணுங்க பஸ் பஸ்ஸா போறதை நீயே பாத்திருக்கே. தேவனஹள்ளியில ஏர்போர்ட் பக்கத்துலயே பாக்ஸ்கான் புதுசா ஒண்ணு திறந்திருக்கான். ஆக, நம்ம பக்கத்துலேருந்து ஏறிப்போன போனை, ரெண்டு கடல் தாண்டிப் போய் வாங்கி, ஜன்னல் சீட்டுல மடியில வச்சுக்கிட்டு, அதே தேவனஹள்ளியில கொண்டாந்து இறக்கியிருக்கே. போகும்போது சரக்கு விமானம், வரும்போது சொகுசு சீட்டு. போனுக்கு யோகம்தான்.

இப்போ சிம் போடலாம் வா. சிவாஜிநகர்ல உனக்காகவே வாங்கிவச்ச சிம், இதோ. எங்கே சொருகுறது? இடப்பக்கம் பாத்தியா? வலப்பக்கம்? அடிப்பக்கம் சார்ஜர் ஓட்டை, அதுல சொருகிடாதே.

ஓட்டையே இல்லே மாப்ளே. 2022-ல ஐபோன் 14 வந்தப்பவே அமெரிக்காவுல விக்கிற மாடலுக்கு சிம் தட்டை எடுத்துட்டான். அங்கே எல்லாம் போனுக்குள்ளயே பதிஞ்சிருக்கிற ஈசிம்தான். 2025-ல ஐபோன் 17 வந்ததும் கனடா, ஜப்பான், சவுதி, துபாய் இருக்கிற எமிரேட்ஸ்னு இன்னும் பல ஊருக்கு அதே கதி. நம்ம ஊர்ல, எம்ஜி ரோடு கடையில விக்கிற ஐபோன் 17-ல தட்டு இருக்கு. அதே ஆலை, அதே கைங்க. ஒண்ணுக்கு வாய் வச்சான், ஒண்ணுக்கு வைக்கலே. உனக்கு வாய்ச்சது வாய் இல்லாதது.

பதறாதே, நம்ம ஊர்லயும் ஈசிம் உண்டு. ஏர்டெல், ஜியோ, வி மூணும் தருது. ஏர்டெல்னா ஈசிம்னு அடிச்சு, பக்கத்துல உன் மெயில் முகவரியைப் போட்டு 121-க்கு எஸ்எம்எஸ் அனுப்பணும். கேக்குற கேள்விக்கு ஆமான்னா, மெயிலுக்குக் கட்டம் கட்டமா ஒரு க்யூஆர் படம் வரும். அதைப் போன் கேமராவுல காட்டணும். அந்த மெயிலைப் போன்லயே திறந்து வச்சுக்கிட்டு அதே போன் கேமராவை எங்கே நீட்டுவே? லேப்டாப்பைத் திற. இதுல இன்னொரு சூட்சுமம் இருக்கு, யாரும் சொல்லமாட்டாங்க. சிம்மை மாத்தினா 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் நின்னுபோகும். சிம் மாத்தித் திருடுற கூட்டத்துக்குப் பயந்து 2022 நவம்பர்ல தொலைத்தொடர்புத் துறை போட்ட உத்தரவு. பேங்க் ஓடிபி வராது. வீட்டு வாடகை கட்டுற அன்னிக்கு இந்த வேலையை வச்சுக்காதே. ஓனர் கன்னடத்துல கேப்பார், நீ இங்கிலீஷ்ல ஓடிபி வரலேம்பே, நல்லா இருக்காது.

என்னோட பட்டன் போனைப் பாரு. தண்ணிக்குள்ள விழுந்தா முதுகைத் திறந்து சிம்மை உருவி, பக்கத்து வீட்டுக்காரன் போன்ல போட்டுப் பேசிடுவேன். உன் போன் விழுந்தா நீ ஏர்டெல் கடை வாசல்ல ஆதாரோட நிக்கணும். வளர்ச்சிதான், இல்லேன்னு சொல்லலே.

சரி, எவ்வளவு மிச்சம் பிடிச்சே? மனசுக்குள்ள வச்சுக்காதே, என் எதிர்ல கணக்குப் போடு. சாதா ஐபோன் 17, 2025-ல வந்தப்போ அங்கே 799 டாலர். டாலர் அப்போ 88 ரூபாய்னு வை, 70,312. இங்கே விலை 82,900. உடனே பன்னெண்டாயிரம் லாபம்னு குதிப்பே, தெரியும். அங்கே கடையில எழுதியிருக்கிற விலை வரி சேராத விலை. கலிபோர்னியா பக்கம் ஊருக்கு ஊர் மாறும், 9 சதவீதம்னு வச்சுக்கோ, 6,328 ஏறுது. நம்ம ஊர் கிரெடிட் கார்டைத் தேய்ச்சிருந்தா, பல பேங்க்ல வெளிநாட்டுக் காசுக்கு மூன்றரை சதவீதம் தனியாப் பிடிப்பான், அது ஒரு 2,700 பக்கம். கூட்டினா 79,300. மிச்சம் மூவாயிரத்து அறுநூறு. அதுல பாதி ஏர்போர்ட்லேருந்து டாக்சிக்குப் போச்சு. ப்ரோ மாடல்னா சங்கதி வேற. அப்போ அங்கே 1,099 டாலர், இங்கே 1,34,900. வரி, கார்டுன்னு எல்லாம் போனபிறகும் இருபத்தஞ்சாயிரம் கையில நிக்கும். அதுக்காகப் போனேன்னு சொல்லு, ஒத்துக்கறேன். உன் கையில இருக்கிறது எது? சாதாவா? சரி, சரி, காபி குடி.

உங்க தலைமுறைக்குப் பூட்டுன்னா என்னன்னே தெரியாது. 2007-ல முதல் ஐபோன் அமெரிக்காவுல வந்தப்போ ஏடி அண்டு டி சிம்மைத் தவிர வேற எதையும் தொடாது. ஆனாலும் நம்ம மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டுல, சென்னை பர்மா பஜார்ல எல்லாம் கண்ணாடிக்குள்ள உக்காந்திருந்துச்சு. பூட்டை உடைச்சுக் கொடுக்கிற பையன்களுக்கு ராஜ மரியாதை. அந்த வருஷம் செப்டம்பர்ல 1.1.1-ன்னு ஒரு அப்டேட் விட்டான் பாரு, பூட்டு உடைச்ச போன் பலதும் செங்கல்லாப் போச்சு. அப்டேட்னு வந்தாலே கும்பிடு போட்டு ஓடுவாங்க. அப்புறம் சிம்முக்கு அடியில மெல்லிசா ஒரு சிப்பு வச்சு, போனையே ஏமாத்துற வித்தை வந்துச்சு. அந்தச் சிப்பு கொஞ்சம் நகர்ந்தா சிக்னல் போயிடும். அந்த மாதிரி போன் வச்சிருந்தவன் பஸ்ல மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உக்காருவான். 2008 ஆகஸ்டு 22-ல ஏர்டெல்லும் வோடபோனும் முறைப்படி ஐபோன் 3ஜி கொண்டாந்தாங்க. 8 ஜிபி மாடல் 31,000 ரூபாய். அன்னிக்கு அந்தக் காசுக்கு ஒரு ஜோடி மாடே பிடிக்கலாம்.

அமெரிக்கால ஒரு கூத்து நடந்துச்சு கேளு. தன் காசுல வாங்கின போனோட சிம் பூட்டைக் கம்பெனியைக் கேக்காமத் திறந்தா குத்தம்னு 2013 ஜனவரில ஆக்கிட்டாங்க. லட்சத்துக்கு மேல ஜனங்க கையெழுத்துப் போட்டு மனு கொடுத்து, 2014 ஆகஸ்டுல ஒபாமா சட்டத்துல கையெழுத்து வச்ச பிறகுதான் சரியாச்சு. கனடா 2017 டிசம்பர்லேருந்து பூட்டுப் போட்டு விக்கவே கூடாதுன்னுட்டான். இங்கிலாந்துல 2021 டிசம்பர்ல. அமெரிக்காவுல தவணையில வாங்கினா இன்னிக்கும் பெரும்பாலும் பூட்டுதான், கடனை அடைச்சாத்தான் சாவி. உன்னோடது எப்படின்னு பாக்கணுமா? செட்டிங்ஸ்ல ஜெனரல், அதுல அபவுட், கீழே இறங்கு. கேரியர் லாக்குன்னு இருக்கா? "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்"னு இருந்தா அந்த ஒரு பூட்டு இல்லே. ஒண்ணு ஒழிஞ்சுது.

மத்ததுக்கு வா. தொட்டபள்ளாபுரம் தாண்டி காட்டி சுப்பிரமணியா மாட்டுச் சந்தைக்கு உன்னைச் சின்னப்பிள்ளையில தோள்ல தூக்கிட்டுப் போனேனே, ஞாபகம் இருக்கா? கயிறு அவிழ்த்திருக்குன்னு எவனாவது மாடு வாங்குவானா? பல்லைப் பிடிச்சுப் பாப்பான், சுழி பாப்பான், நடக்கவிட்டுக் குளம்பு பாப்பான். போனுக்குச் சுழி எதுன்னா, அது கேக்குற அலைவரிசை.

இதுல அடிபட்ட ஊரே நம்ம பெங்களூர்தான். 2012-ல ஏர்டெல் 4ஜி விட்டப்போ ஏப்ரல்ல கொல்கத்தா, மே மாசம் பெங்களூர். 2300 மெகாஹெர்ட்ஸ்ல விட்டான், பேண்டு 40-ன்னு பேரு. அமெரிக்காவுல அந்த பேண்டைத் தேடி யாரும் போன் பண்ணலே. 2014-ல ஐபோன் 6 வந்தப்போ, அங்கே பெரிய கம்பெனிங்க வித்த ஏ1549 மாடல்ல பேண்டு 40 கிடையாது, ஏ1586-ல உண்டு. பாக்க ரெண்டும் ஒரே அச்சு. மாரத்தஹள்ளியில எத்தனை பேர் கையில அந்த ஏ1549-ஐ வச்சுக்கிட்டு, "4ஜி போன்தான், டவர் சரியில்லே"ன்னு டவரைத் திட்டினாங்க தெரியுமா? பாவம் டவர். இப்போ வர்ற ஐபோனுக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லே. 5ஜியும் 2022 அக்டோபர்ல பெங்களூருக்கு வந்துச்சு, ஐபோனுக்கு மட்டும் டிசம்பர் அப்டேட் வர்ற வரைக்கும் காத்துக்கிடந்தாங்க. போன்ல எல்லாம் இருந்தும், கம்பெனி கதவைத் திறக்கலேன்னா காத்திருக்கத்தான் வேணும்.

ஆண்ட்ராய்டு கொண்டாந்தவன் பாடுதான் இன்னும் திண்டாட்டம். 2016 செப்டம்பர் 5-ல ஜியோ வந்துச்சு. அதுல 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது, பேச்செல்லாம் 4ஜி மேலயே போகணும். வோல்ட்டின்னு சொல்றாங்களே, அது. சீமையில ஒரு கம்பெனிக்காகப் பண்ணின போன்ல நம்ம ஊர் வோல்ட்டி அமைப்பு இருக்காது. படம் பாக்கலாம், பாட்டுக் கேக்கலாம், வாட்ஸப்புல சண்டை போடலாம். சாதாரணமா நம்பர் அழுத்தி "அலோ"ன்னா கேக்காது. ஜியோவே அதுக்குத் தனியா ஒரு ஆப் கொடுத்துப் பேசவச்சுது. ஏர்டெல் 2020-க்குள்ள 3ஜியை மூடிட்டாலும் 2ஜியை வச்சிருக்கான். அந்த மாதிரி போனுக்கு அவன் சிம்மைப் போட்டா, பேசும்போது 2ஜிக்கு இறங்கியாவது பேசிடும். லட்ச ரூபாய் போன் என் பட்டன் போன் இருக்கிற திண்ணைக்கு இறங்கி வந்து உக்காரும். எனக்கும் துணைக்கு ஆள் வேணுமில்லே?

2019-ல கூகுள் பிக்சல் 4-ன்னு ஒண்ணு வந்துச்சு. கையை ஆட்டினாலே பாட்டு மாறும்னான். அதுக்கு உள்ளே குட்டி ரேடார், 60 கிகாஹெர்ட்ஸ். அந்த அலையை ஜனங்க பயன்படுத்த இங்கே அனுமதி இல்லாததாலே, போனையே இந்தியாவுல விக்கலே. சீமையிலேருந்து கொண்டாந்தவங்க இருந்தாங்க. கையை ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினாலும் பாட்டு மாறாது. எதிர்ல வர்ற ஆட்டோதான் நிக்கும்.

ஐபோன் மாடல் நம்பர்ல சாய்கோட்டுக்கு முன்னாடி ரெண்டு எழுத்து இருக்கு பாரு. எல்எல்-னா அமெரிக்கா, எச்என்-னா இந்தியா. ஹாங்காங் மாடல் சிலதுல நிஜ சிம்மே ரெண்டு போடலாம், 2018-லேருந்து. வீட்டுக்கு ஒண்ணு ஆபீசுக்கு ஒண்ணுன்னு அலையறவனுக்கு அதான் லாயக்கு. துபாய்ல வாங்கினதுல பல வருஷம் பேஸ்டைமே கண்ணுல படாது. சாம்சங்னா, 2013-ல நோட் 3-லேருந்து முதல்தடவை விக்கிற ஊர் சிம்மைப் போட்டு எழுப்பணும்னு ஒரு விதி வச்சான். டப்பாவைப் பிரிக்காம அப்படியே கொண்டாந்து இங்கே வந்து பூஜை போட்டுப் பிரிச்சவங்க முழிச்சாங்க.

அடுத்த தடவை யாரோ பாதி விலைக்குத் தர்றான்னு பழைய போன் வாங்கினா, முதல்ல ஸ்டார், ஹேஷ், 06, ஹேஷ் அடி. 15 இலக்கம் வரும். கேஒய்எம்-னு அடிச்சு, இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா போனோட ஜாதகம் வரும். திருட்டுப் போனை முடக்குற இந்த ஏற்பாடு 2023 மே மாசம் நாடு முழுக்க வந்தாச்சு. அப்புறம், பழைய ஆளோட ஆப்பிள் கணக்கு அதுல ஒட்டிக்கிட்டிருந்தா, சிம் பூட்டு இல்லாட்டியும் அது வெறும் கண்ணாடிச் சில்லுதான். எஸ்பி ரோட்டுல எந்தக் கொம்பனும் நேர்மையா அதைத் திறந்து தரமுடியாது. வித்தவன் எதிர்லயே அவன் கணக்கை எடுக்கச் சொல்லிட்டுக் காசைக் கொடு.

உன் சிநேகிதங்களுக்கும் வாங்கிட்டு வான்னு கேப்பாங்க. சொந்தத்துக்கு ஒரு போன் கையில வச்சிருக்கிறது வேற, பிரிக்காத டப்பா நாலை சட்டைக்கு நடுவுல சுத்தி வைக்கிறது வேற. சுங்க ஆபீசர் சட்டை விரிச்சா, மிச்சம் பிடிச்சதெல்லாம் அரசாங்கத்துக்கு. அப்போ அந்தச் சிநேகிதங்க எவனும் போன் எடுக்கமாட்டான், அன்லாக்கா இருந்தாலும் சரி.

வரட்டுமா? உங்கம்மா ராத்திரி மறுபடி கூப்பிடுவா. "எவ்வளவுக்கு வாங்கினானாம், எவ்வளவு மிச்சமாம்"னு என்கிட்டத்தான் முதல்ல கேப்பா. பன்னெண்டாயிரம்னு சொல்றதா, மூவாயிரத்து அறுநூறுன்னு சொல்றதா, இப்பவே சொல்லிடு. ரெண்டு பேரும் ஒரே தொகையைச் சொல்லணும்.