ஆறு கட்டம் போட்ட நோட்டு

1985-ல் பி.காம். முடித்து மதுரையில் வேலை தேடத் தொடங்கியபோது, முதலில் வாங்கியது ஒரு நாற்பது பக்க நோட்டு. அளவுகோல் வைத்து ஆறு கட்டம் போட்டேன்: விளம்பரம் வந்த நாள், பதவி, கடைசித் தேதி, அனுப்பிய நாள், ரிஜிஸ்டர் தபால் ரசீது எண், பதில். கடைசிக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் அகலமாக விட்டிருந்தேன். பதில்கள் நீளமாக வரும் என்று அவ்வளவு உறுதியாக நம்பிய அந்த இருபத்தொரு வயதுப் பையனை இன்று பார்க்க முடிந்தால், தோளில் கை போட்டு ஒரு டீ வாங்கிக் கொடுப்பேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு நோட்டு கிடக்கலாம். அதோடு எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்ச் அட்டையும் இருக்கும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ரெனியூவல். மாதத்தைத் தவறவிட்டால் பதிவு மூப்பு போய்விடுமோ என்ற பயத்தில், வீட்டுக் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி அம்மாவே சிவப்பில் வட்டம் போட்டுவைப்பார். புதூர் அலுவலக வரிசையில் நின்றால் பள்ளியில் கூடப் படித்தவர்கள் பாதிப் பேரைப் பார்த்துவிடலாம். யாருக்கு இண்டர்வியூ கார்டு வந்தது, எந்தத் தேர்வுக்கு எப்போது கடைசித் தேதி என்பதெல்லாம் வரிசை நகர்வதற்குள் தெரிந்துவிடும். போட்டியாளர்கள்தாம், ஆனாலும் ஒருவன் பேனாவில் பத்துப் பேர் விண்ணப்பம் நிரப்பினோம்.

தட்டச்சுப் பள்ளியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. லோயர் என்றால் நிமிடத்துக்கு 30 சொல், ஹையர் என்றால் 45. சாயங்கால நேரத்தில் பத்துப் பதினைந்து ரெமிங்டன்கள் ஒன்றாக அடிக்கும் சத்தம், வரி முடிந்ததும் கிணுங்கும் மணி, விரலில் ஒட்டிய ரிப்பன் மை, மூன்று கார்பன் தாள் செருகி அடித்தால் கடைசிப் பிரதியில் என் பெயர் மட்டும் மங்கிப்போவது, எல்லாம் இந்தக் கணினி விசைகளைத் தொடும்போதும் எனக்குள் எங்கேயோ ஒலிக்கின்றன. என் விண்ணப்பங்களைத் திருத்திக் கொடுத்ததும் அந்தப் பள்ளி மாஸ்டர்தான். காசு வாங்கவில்லை. ‘வேலை கிடைச்சதும் வந்து சொல்லு’ என்றதோடு சரி.

அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். சான்றிதழ் நகல்களில் கெஜட்டட் அதிகாரி ஒருவரின் பச்சை மைக் கையெழுத்து வேண்டும். அப்படி ஒருவரைத் தெரியாத வீட்டுப் பிள்ளை என்ன செய்வான்? செருப்பை வாசலில் விட்டு, நகல்கள் வெயிலில் சுருளாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அவர் சாப்பிட்டு எழும்வரை திண்ணையோரம் நின்றிருக்கிறேன். 2014 வாக்கில் மத்திய அரசு சுயசான்று போதும் என்று சொன்னதைச் செய்தித்தாளில் படித்தபோது மனசார மகிழ்ந்தேன். என் பிள்ளைகள் அந்தத் திண்ணையோரம் நிற்க வேண்டியதில்லை.

1988-ல் ஒரு பஞ்சாலையின் கணக்குப் பிரிவிலிருந்து வேலைக்கான உத்தரவு வந்தது. தெருமுனையிலேயே தபால்காரர் சைக்கிள் மணியை நிறுத்தாமல் அடித்தார். உறையைப் பிரிக்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது. மூன்று வருடமாக என் ‘வருந்துகிறோம்’ கடிதங்களை எல்லாம் கொண்டுவந்து கொடுத்தவர் அல்லவா, உறையின் கனத்திலேயே பிடித்துவிட்டார். ‘அண்ணே, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க’ என்று அம்மா அழுதுகொண்டே சொன்னார். அன்று சாயங்காலம் மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன்.

இருபத்தெட்டு வருடம் கழித்து, 2016-ல் அந்த ஆலை மூடப்பட்டது. அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. மறுபடி ஒரு நோட்டு வாங்கி ஆறு கட்டம் போட்டேன். மகள் பார்த்துவிட்டு, அதையே கணினியில் அட்டவணையாக்கித் தந்தாள்; நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் கணக்குத் திறந்துவைத்தாள். ஒரே ராத்திரியில் பதினேழு இடங்களுக்கு விண்ணப்பித்தேன். தபால் தலை இல்லை, போஸ்டல் ஆர்டர் இல்லை, வரிசை இல்லை. அந்தக் காலத்தில் பதினேழு விண்ணப்பத்துக்கு எனக்கு நான்கு மாதம் ஆகியிருக்கும். ஆனால் பதில் கட்டம் வெறுமையாகவே இருந்தது. இல்லை என்றாவது யாராவது எழுதமாட்டார்களா என்று ஏங்கினேன். அந்தப் பழைய ‘வருந்துகிறோம்’ கடிதத்திலும் யாரோ ஒருவர் என் பெயரைத் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, உறையை எச்சில் தொட்டு ஒட்டியிருந்தார்.

பிறகு திட்டத்தை மாற்றினேன். கண்ட இடத்துக்கெல்லாம் அனுப்புவதை நிறுத்திவிட்டு, கையில் இருக்கும் தொழில் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன். ஜி.எஸ்.டி. வரப்போகிறது என்ற பேச்சு கடைத்தெரு முழுக்க இருந்தது. டேலி பழகினேன், புதிய வரிச் சட்டத்தைப் பள்ளிப் பையன்போல் மனப்பாடம் செய்தேன். கூட வேலை பார்த்தவர்கள், பழைய நூல் வியாபாரிகள் என்று இருபது பேரை நேரிலேயே போய்ப் பார்த்து, ‘எனக்கு வேலை வேண்டும்’ என்று சொன்னேன். சொல்வதற்கு முதல் வீட்டில்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது, அந்த மாதக் கடைசியில், அந்த வியாபாரிகளில் ஒருவர் சொல்லிவைத்த ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது.

டவுன் பஸ்ஸில் இருந்தேன். கைபேசி லேசாக அதிர்ந்தது, அவ்வளவுதான். திங்கட்கிழமை வந்து சேருங்கள் என்று ஒரே வரி. சுற்றிலும் பார்த்தேன், சைக்கிள் மணி அடிக்க யாரும் இல்லை. பக்கத்து இருக்கையில் காய்கறிப் பையோடு இருந்தவரிடம், முன்பின் தெரியாதவர்தான், ‘எனக்கு வேலை கிடைச்சிருச்சுங்க’ என்றேன்.

அவர் என் நரைத்த தலையை ஒரு நிமிடம் பார்த்தார். ‘ரொம்ப சந்தோஷம் சார்’ என்று என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு பெரியார் நிலையத்தில் இறங்கிப் போனார்.