பட்டியல்காரர்

பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடிகாலையில் மதுரைக்கு வந்து நிற்கும். இறங்கும் கூட்டத்தில் அவரை அடையாளம் காண்பது சுலபம். கல்யாணத்துக்கு வந்தவர் கையில் பத்திரிகை இருக்கும். கோயிலுக்கு வந்தவர் மனசில் வேண்டுதல் இருக்கும். இவரிடம் இருப்பது பதினெட்டுக் கடைகளின் பட்டியலும் ஒரு மச்சினனும்.

பட்டியல் சென்னையிலேயே தயாராகிவிட்டது. இரண்டு மாதமாக வீடியோ பார்த்து, நேரம் பிரித்து, வண்ணம் தீட்டி வைத்திருக்கிறார். மீனாட்சியம்மன் கோயிலும் அதில் உண்டு. கடைசி வரியில், ‘நேரமிருந்தால்’ என்ற குறிப்போடு. மச்சினன் எதற்கு என்றால், எந்தப் பண்டத்திலும் பாதிதான் இவர் சாப்பிடுவார். மீதியைச் சாப்பிட ஒரு வயிறு வேண்டும். ரயில் டிக்கெட் போட்டு அழைத்து வந்த வயிறு அது.

ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ ஏறியதும் முதல் கேள்வி: “ஜிகர்தண்டா எங்கண்ணா நல்லா இருக்கும்?”

காலை ஆறரை மணி. ஆட்டோக்காரர் திரும்பி ஒரு தடவை முகத்தைப் பார்க்கிறார். “இந்நேரத்துக்கா? அது வெயிலுக்குக் குடிக்கிறதுண்ணே. இப்பப் பருத்திப்பால் குடிங்க. சுக்குப் போட்டிருக்கும், தொண்டைக்கு இதமா இருக்கும்.”

பட்டியலில் பருத்திப்பால் ஒன்பதாவதாக, மாலை ஐந்து மணிக்கு இருக்கிறது. ஒன்பதாவதை முதலில் குடித்தால் மற்றதெல்லாம் இடம் மாறும். பெரிய மனசு பண்ணிச் சம்மதிக்கிறார். தள்ளுவண்டிக்காரர் ஊற்றிக் கொடுக்கிறார். பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் அரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துக் காய்ச்சி, மேலே தேங்காய்ப்பூ தூவிய சுடுபானம். இவர் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடி, மெதுவாகத் தலையை ஆட்டுகிறார். ருசியில் வந்த ஆட்டமில்லை அது. வீடியோ பார்த்துப் பழகியது. மிச்சத்தை மச்சினன் குடிக்கிறார். அவர் தலையை ஆட்டுவதில்லை. கிளாஸைத்தான் கீழே வைக்கிறார்.

அடுத்து இட்லி. முருகன் இட்லிக் கடை சென்னையிலும் இருக்கிறது, சிங்கப்பூரிலும் இருக்கிறது. இவர் வீட்டிலிருந்து ஒரு கிளைக்கு நடந்தே போகலாம். போனதில்லை. “அந்தந்த மண்ணுல சாப்பிடணும் சார்” என்பது கொள்கை. இலையில் இட்லி விழுந்து, சட்னிகள் வரிசையாக வந்து சேர்ந்ததும் போனை உயரத் தூக்குகிறார். ஆவி படத்தில் விழவில்லை. இன்னொரு கோணம். இன்னும் ஒன்று. பரிமாறுகிறவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஆறிடும்ணே, சாப்பிடுங்க” என்கிறார். ஆறித்தான் விட்டது. “சூடா இன்னொரு பிளேட் கொண்டாங்கண்ணா, ஆவி தெரியணும்.” முதல் பிளேட் மச்சினனுக்கு.

ஊரின் அமைப்பு இவருக்கு அத்துப்படி. கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக விரியும் தெருக்களை அல்வா எங்கே, நெய் மிட்டாய் எங்கே, காபி எங்கே என்றுதான் மனப்பாடம் செய்திருக்கிறார். இப்படி வீதி வீதியாக மென்றுகொண்டு கோபுர வாசலுக்கு வந்து சேரும்போது மதியம் நடை சாத்தியிருக்கிறார்கள். அம்மனுக்குக்கூட மதியம் ஓய்வு உண்டு. இவர் வயிற்றுக்குத்தான் இல்லை.

அசைவ மெஸ்ஸில் இவர் நுழைவதே தணிக்கைக்கு வந்த அதிகாரியைப் போலத்தான். சுவரில் ‘எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை’ என்ற வாசகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே உட்காருகிறார். தட்டில் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள்: மட்டன் சுக்கா, அயிரை மீன் குழம்பு, கோலா உருண்டை, எலும்பு ரோஸ்ட், நண்டு ஆம்லெட்.

“இதுல உங்க ஸ்பெஷல் எதுண்ணா?”

“எல்லாமே நல்லாத்தாண்ணே இருக்கும்.”

“இல்ல, எதுக்காக இங்க வருவாங்க?”

“சாப்பிடத்தாண்ணே வருவாக.”

எல்லாவற்றிலும் ஒன்று வாங்குகிறார். பெரியவர் ஒருவர் சோற்று வாளியோடு வந்து இலையருகே குனிகிறார். இவர் பதறிப்போய் இரு கையாலும் இலையை மறைக்கிறார். “சோறு வேணாம்ணா, வயிறு ரொம்பிடும்!”

பெரியவர் வாளியோடு அப்படியே நிற்கிறார். சோறு கேட்டுச் சண்டை போட்டவர்களை அவருக்குத் தெரியும். கடனுக்குச் சாப்பிட்டவர்களைத் தெரியும். வயிறு நிரம்பிவிடுமே என்று பயந்துகொண்டு சாப்பாட்டுக் கடைக்கு வந்த ஆளை இப்போதுதான் பார்க்கிறார். ஒன்றும் பேசாமல் மச்சினன் இலையில் இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுவிட்டுப் போகிறார்.

வெயில் சாய்வதற்குள் விளக்குத்தூண். சுண்டக் காய்ச்சிய பால், வழுவழுவென்று கடல்பாசி, நன்னாரி சர்பத், மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். இப்போது ஜிகர்தண்டாவுக்கு நேரம் சரியாகத்தான் இருக்கிறது. வயிற்றில் இடம் இல்லை. பக்கத்தில் ஜவுளிக் கடைக்குத் துணி எடுக்க வந்த அம்மா ஒருத்தி, பைகளைக் காலடியில் வைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரே மூச்சில் குடித்து முடிக்கிறாள். நம்மவர் கடல்பாசியைக் கரண்டியில் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்.

பொழுது சாய்ந்ததும் ஊரெல்லாம் பரோட்டாக் கல் சூடேறுகிறது. கோனார் கடையில் கறி தோசை: கனமான தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் மசாலாக் கறி. அதில் கால்வாசி ஆயிற்று. பிறகு ரோட்டோரக் கடையில் பன் பரோட்டா. மாஸ்டர் மாவை வீசும்போது இவர் வீடியோ எடுக்கிறார். எதிரே கீழமாரட் வீதி வெங்காய மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு வந்தவர், நான்கு பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னா ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இவர் போனை அவர் பக்கம் திருப்புகிறார்.

“எப்படிண்ணா இருக்கு?”

அவர் நிமிரவில்லை. “பசிக்குது தம்பி, சாப்பிடுறேன்.”

அன்று முழுவதும் இவர் சந்தித்ததிலேயே ஆகச் சிறந்த விமர்சனம் அது. பதிவுக்கு நீளம் போதாது என்று அழித்துவிடுகிறார்.

மதுரையைத் தூங்கா நகரம் என்கிறார்கள். இவர் தன்னைப் போன்றவர்களுக்காகத்தான் ஊர் விழித்திருப்பதாக நம்புகிறார். 1890-களில் தொடங்கிய, ஊர்க்காரர்கள் ‘ஹார்வி மில்’ என்றே அழைத்த ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள், விடியுமுன் பூவும் காயும் ஏற்றி இறக்குகிறவர்கள், பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் என்று அகாலத்தில் பசித்தவர்கள் இந்த ஊரில் எப்போதும் உண்டு. நள்ளிரவில் இட்லிச் சட்டி ஏறுவது அவர்களுக்காக. அந்தக் கடை வரிசையில் இவரும் நிற்கிறார், ஒரு கையில் பட்டியலும் இன்னொரு கையில் ஓமத்தண்ணீர் பாட்டிலுமாக. பணம், நேரம், போனில் சார்ஜ், மச்சினன் எல்லாம் இருக்கிறது. பசி மட்டும் இல்லை. அதை அவர் ஊரிலிருந்து கொண்டுவரவே இல்லை.

திங்கட்கிழமை ஆபீசில் அவர்தான் மதுரைக்கு அத்தாரிட்டி. மதுரையில் பிறந்து வளர்ந்த சக ஊழியர் ஒருவர் மாட்டுகிறார்.

“சார், நீங்க மதுரைதானே? அந்தக் கடையில சாப்பிட்டிருக்கீங்களா?”

“இல்லைங்களே.”

“என்ன சார்! ஊர்க்காரரா இருந்துக்கிட்டு...”

“அங்க எப்பவும் வெளியூர்க் கூட்டமா இருக்கும் சார். நாங்க பக்கத்துக் கடைக்குப் போயிருவோம்.”

இவர் சட்டென்று நிமிர்ந்து உட்காருகிறார். கண்ணில் ஒரு வெறி. போன் வெளியே வருகிறது. பட்டியலில் பத்தொன்பதாவது கடை ஏறுகிறது: ‘பக்கத்துக் கடை - ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.’

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு இரண்டு டிக்கெட் போட்டாயிற்று. மச்சினன்தான் போனை எடுக்க மாட்டேன் என்கிறார்.