மூக்கில் ஏறிய நூறு பவுன்

வழக்கு வந்தால் ஒரு கம்பெனி என்னென்ன செய்யக்கூடாதோ, அத்தனையையும் வரிசை மாறாமல் செய்து காட்டிய பெருமை லண்டனில் ரப்பர் பந்து விற்ற ஒரு கம்பெனிக்கு உண்டு.

பந்து என்றால் விளையாடுகிற பந்து இல்லை. பழைய பஸ்ஸில் டிரைவர் கைப்பக்கம் ‘பாம் பாம்’ என்று ரப்பர் ஹாரன் இருக்குமே, அந்தக் குமிழில் ஒரு குழாயைச் செருகினால் எப்படி இருக்கும், அப்படி. உள்ளே கார்பாலிக் அமிலத் தூள். ஆஸ்பத்திரி வராந்தாவைக் கழுவிவிட்டதும் குப்பென்று ஒரு நெடி வருமே, அதேதான். குழாயை மூக்கில் வைத்துப் பந்தை ஒரு அமுக்கு அமுக்கினால் தூள் புகையாக மேலே ஏறும். மூக்கு கொட்டோ கொட்டென்று கொட்டும். ஜலதோஷம் வராமல் தடுக்கும் சாதனம், ஜலதோஷத்தின் லட்சணங்களை முன்பணமாகவே கொடுத்துவிடும். விலை 10 ஷில்லிங்.

இதைக் கண்டுபிடித்தவர் ஃபிரெடரிக் ரோ என்ற அமெரிக்கர். நல்ல நேரம் பார்த்துத்தான் கடை விரித்தார். 1889 முதல் ஐரோப்பா முழுக்க இன்ஃப்ளூயன்சா ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தது. 1891 நவம்பரில் கம்பெனி பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தது: தினம் மூன்று வேளை, இரண்டு வாரம் பந்தை உறிஞ்சிய பிறகும் ஃப்ளூ வந்தால் 100 பவுன் பரிசு. அதாவது 200 பந்தின் விலை. அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பார்கள். எங்கள் நேர்மைக்கு அடையாளமாக ரீஜன்ட் தெரு அலையன்ஸ் வங்கியில் 1,000 பவுன் போட்டு வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி சேர்த்தார்கள். ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அந்த வரியில்தான்.

லூயிசா கார்லில் என்ற அம்மாள் நவம்பர் 20 அன்று ஒரு பந்து வாங்கினார். சொன்னபடி மூன்று வேளையும் உறிஞ்சினார். கம்பெனி கேட்டது இரண்டு வாரம். அம்மாள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் தாண்டி ஏறக்குறைய இரண்டு மாதம் விடாமல் உறிஞ்சினார். 1892 ஜனவரி 17 அன்று ஃப்ளூ வந்து சேர்ந்தது.

கணவர் சட்டம் படித்தவர். கம்பெனிக்குக் கடிதம் போட்டார். பதில் இல்லை. இன்னொன்று போட்டார். அதற்கும் இல்லை. மூன்றாவதற்குத்தான் பதில் வந்தது, அதிலும் கையெழுத்து இல்லை. எங்கள் பந்தில் எங்களுக்குப் பூரண நம்பிக்கை உண்டு. ஆனால் மோசடிக்காரர்களிடமிருந்து தப்பிக்க வேண்டுமே, ஆகையால் அம்மாள் தினமும் எங்கள் ஆபீசுக்கு வந்து செக்ரட்டரி கண்முன்னால் உறிஞ்சிக் காட்டட்டும் என்று சாரம். ஃப்ளூவில் படுத்து எழுந்தவரை, வக்கீல் வீட்டம்மாவை, திருடி என்று சொல்லாமல் சொல்லியாயிற்று. 100 பவுனோடு முடிய வேண்டிய கதை கோர்ட் ஏறியது.

கம்பெனி பெரிய வக்கீலாகப் பிடித்தது. ஹெர்பர்ட் ஆஸ்க்வித், 1908இல் பிரிட்டனுக்கே பிரதமராகப் போகிறவர். பிரதமராவதற்கு வேண்டிய பயிற்சி அவருக்கு இங்கேயே கிடைத்திருக்கும். கொடுத்த வாக்குறுதி வாக்குறுதியே இல்லை என்று நிரூபிக்கிற வேலை. விசாரணையில் தோற்றார்கள். மேல்முறையீட்டுக்குப் போனார்கள், வேறு வக்கீல்களோடு.

அங்கே கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து வீசினார்கள். விளம்பரம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், அதை யார் நம்பச் சொன்னது? இது பந்தயம், சட்டப்படி செல்லாது. இல்லையா, அப்படியானால் இது இன்சூரன்ஸ், அதுவும் செல்லாது. ஊர் உலகத்தோடெல்லாம் ஒப்பந்தம் போட முடியுமா? அந்தம்மா சம்மதம் என்று எங்களுக்கு ஒரு வரி எழுதினாரா?

மூன்று நீதிபதிகளும் மசியவில்லை. சும்மா சொன்னது என்றால் வங்கியில் 1,000 பவுன் எதற்கு என்றார்கள். போவன் என்ற நீதிபதி நாயைக் கொண்டுவந்தார். நாய் காணவில்லை, கண்டுபிடித்தால் பணம் என்று விளம்பரம் செய்தால், தேடப் போகிறவர்கள் எல்லாம் ‘சம்மதம்’ என்று கடிதம் எழுதிவிட்டா கிளம்புவார்கள்? நாயோடு வந்து நின்றால் போதாதா? 1892 டிசம்பர் 7 அன்று தீர்ப்பு: எடு நூறு பவுனை. மதுரையிலும் சென்னையிலும் சட்டக் கல்லூரிக்குள் நுழைகிற பிள்ளைகள் இன்றைக்கும் முதலில் உருப்போடுகிற வழக்குகளில் இது ஒன்று.

வேறு யாராவது என்றால் ஊரைவிட்டே ஓடியிருப்பார்கள். ரோ புதுக் கம்பெனி தொடங்கி, 1893இல் மறுபடி விளம்பரம் கொடுத்தார். ஆயிரக்கணக்கில் பந்து விற்றும் பரிசு கேட்டவர்கள் மூன்றே மூன்று பேர்தான், இதிலிருந்தே மருந்தின் மகிமை தெரியவில்லையா என்று கேட்டார். தோற்ற வழக்கையே சான்றிதழாக மாற்றிய சாமர்த்தியத்துக்கு நான் தொப்பியைக் கழற்றத் தயார். பரிசும் இப்போது 200 பவுன். ஆனால் நிபந்தனைகளை எழுதிக் கேட்டு வாங்கி, கையெழுத்துப் போட்டு, ஆபீசில் ஒப்படைத்த பிறகுதான் மூக்கில் வைக்க வேண்டும். கெடு மார்ச் 31. படிப்பு வந்துவிட்டது, பீஸ் மட்டும் 100 பவுன் ஆகிவிட்டது.

ரோ 1899இல் தம் 57ஆம் வயதில் காசநோயில் போய்ச் சேர்ந்தார். கார்லில் அம்மாள் இரண்டாம் உலகப் போரின் நடுவே 1942இல், 96 வயதில் கண்ணை மூடினார். காரணம் எழுதிய டாக்டர் முதுமை என்று போட்டுவிட்டு, பக்கத்தில் இன்னொன்றையும் சேர்த்தார்: இன்ஃப்ளூயன்சா.