பொட்டலத் தாள் வாசிப்பு: எச்சமும் நல்வினைமுற்றும்

பொட்டலம் என்பது, பண்டத்தைத் தாளில் வைத்து நாற்புறமும் மடித்து நூலால் கட்டியோ, தாளைக் கூம்பாகச் சுருட்டி வாயை உள்மடித்தோ விற்பவர் வாங்குபவரிடம் தரும் சிறு பொதியாகும். பேச்சுவழக்கில் இது பொட்டணம் என்றும் பொட்லம் என்றும் திரியும். வாங்குபவர் காசு கொடுப்பது உள்ளிருக்கும் பண்டத்துக்கே; மேலிருக்கும் தாள் அவர் கேளாமலே வந்து சேர்கிறது. அத்தாளைப் பண்டம் தீர்ந்தபின் நீவி விரித்து, அதில் அச்சிட்டிருப்பதை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை படித்து முடிக்கும் பழக்கமே இங்குப் பொட்டல வாசிப்பு எனப்படுகிறது. நூலகத்தில் உறுப்பினராகாதவரும், நாளிதழ் வாங்காதவரும், படிக்க எங்கே நேரம் என்று அலுத்துக்கொள்பவரும் இவ்வாசிப்பில் தவறாமல் ஈடுபடுவதால், ஒரு சமூகத்தின் வாசிப்பை நூலக அட்டைகளைக் கொண்டு அளப்பது குறையுடைய முறை என்பதை முதற்கண் சொல்லிவைக்க வேண்டும்.

தாள் மலிவதற்கு முன் பண்டங்களைச் சுமந்தவை வாழை, தாமரை, மந்தாரை, தேக்கு முதலியவற்றின் இலைகள். இலைப் பொதியில் வாசம் உண்டு, வாசகம் இல்லை. ஆகவே பொட்டல வாசிப்பின் வரலாறு நாளிதழ் பெருகி, பழைய தாளை எடைக்குப் போடும் வழக்கம் வேரூன்றிய பிறகே தொடங்குகிறது. இவ்வரலாற்றில் 1979இல் தமிழக அரசு தொடங்கிய செய்தித்தாள் காகித நிறுவனத்துக்குத் தனியிடம் உண்டு. கரூரை அடுத்த காகிதபுரத்தில் அந்நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்யத் தொடங்கியதன் பயனாக, ஆலையில் சாறு வேறு சக்கை வேறு என்று பிரிந்த கரும்பு, ஒருபுறம் இனிப்பாகவும் மறுபுறம் நாளிதழாகவும் நெடுந்தூரம் சுற்றி, மளிகைக் கடையில் சர்க்கரைப் பொட்டலத்தில் மறுபடி ஒன்றுகூடும் வாய்ப்பு உண்டாயிற்று. பிரிந்தவர் கூடுவதைக் கதை முடிவாகக் கொள்ளும் மரபு திரைப்படத்துக்கு மட்டும் உரியதன்று.

பொட்டலங்களை மளிகைப் பொட்டலம், கூம்புப் பொட்டலம், பலகாரப் பொட்டலம் என்று மூவகைப்படுத்தலாம். மளிகைப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உத்தரத்தில் தொங்கும் நூற்கண்டிலிருந்து கடைக்காரர் நூலை இழுத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி விரலாலேயே அறுக்கும் வித்தையும், வீட்டில் அந்த நூலை அறுக்காமல் அவிழ்த்துப் பழைய கண்டோடு சேர்த்துச் சுற்றிவைக்கும் சிக்கனமும் தனி ஆய்வுக்கு உரியவை. கூம்புப் பொட்டலமோ வாசகரைச் சோதிப்பது. வறுகடலையைச் சுமக்கும் இதில் வரிகள் சுருள்பாதையில் ஓடுவதால் ஒரு வாக்கியத்தைப் படிக்கக் கூம்பைக் கையில் சுழற்ற வேண்டும். சுழற்றினாலும் வரியின் பின்பாதி உள்மடிப்புக்குள் போய்விடும். உள்மடிப்பைப் பார்க்கக் கடலை தீர வேண்டும். கடலையை நிதானமாகத் தின்ன விரும்பும் நாவுக்கும், விரைந்து தீர்க்க விரும்பும் கண்ணுக்கும் இடையே இவ்வாறு எழும் பூசல், கூம்பின் நுனியில் உப்பும் தோலும் ஒரு சொத்தைக் கடலையும் எஞ்சும்போதுதான் தணிகிறது.

பலகாரப் பொட்டலத்தின் சிறப்பு எண்ணெய். தாள் வெண்மையாகத் தோன்றுவதற்குக் காரணம், அதன் நார்களுக்கிடையே உள்ள காற்று இடைவெளிகளில் ஒளி மீண்டும் மீண்டும் சிதறுவதாகும். ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குள் புகும்போது எவ்வளவு வளையும் என்பதைக் காட்டும் எண் ஒளிவிலகல் எண் எனப்படும்; காற்றுக்கு இது ஏறத்தாழ 1, தாளின் நாருக்கு ஏறத்தாழ 1.5, சமையல் எண்ணெய்க்கு ஏறத்தாழ 1.47. மெதுவடையின் எண்ணெய் அந்த இடைவெளிகளில் புகுந்து காற்றை வெளியேற்றியவுடன் நாருக்கும் அதன் அண்டைக்கும் வேற்றுமை ஏறக்குறைய மறைந்துவிட, ஒளி சிதறாமல் ஊடுருவி, தாள் கண்ணாடிபோல் ஆகிறது. இதன் இலக்கிய விளைவு பெரிது. முன்பக்கத்து அமைச்சரின் உரையினூடே பின்பக்கத்துத் திருமண வாழ்த்து விளம்பரம் இடவலம் மாறித் தெரிய, வாசகர் இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் படிக்கும் பேறு பெறுகிறார். சிலேடை பாடிய புலவர்கள் ஒரு பாட்டில் இரு பொருள் வைக்கப் பட்ட பாட்டை, ஒற்றை வடை இவ்வாறு எளிதில் நிகழ்த்திவிடுகிறது.

இனி மூலபாடச் சிக்கலுக்கு வரலாம். மூலபாட ஆய்வு என்பது சிதைந்தும் திரிந்தும் கிடைக்கும் ஏடுகளை ஒப்பிட்டு ஆசிரியர் எழுதிய வடிவத்தைக் கண்டறியும் முயற்சியாகும். பதிற்றுப்பத்தில் முதற் பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் இல்லை. இத்தகைய இழப்புகளுக்கு நடுவே ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்த உ.வே. சாமிநாதையரின் உழைப்பைத் தமிழுலகம் அறியும். பொட்டல வாசகருக்கு நேரும் இழப்பு இதனினும் அன்றாடமானது. அவர் கையில் இருப்பது தலையும் வாலும் இல்லாத நடுப்பத்து. செய்தியின் அடியில் ‘தொடர்ச்சி 7ஆம் பக்கம்’ என்று அச்சிட்டிருக்கும். அந்த ஏழாம் பக்கமோ அதே ஊரில் வேறு யாரோ ஒருவருடைய கொத்தமல்லி விதையைச் சுற்றிக்கொண்டிருக்கும். வீடு வீடாகச் சென்று மல்லிப் பொட்டலங்களை ஒப்புநோக்கிப் பதிப்பிக்க முன்வருவார் இல்லாததால், பொட்டல வாசகர் பாடபேதம் பாராமல் கிடைத்ததைக் கொண்டே நிறைவுறப் பழகியிருக்கிறார்.

இந்நிறைவு எப்படி வாய்க்கிறது என்பதே இப்பொருளின் உயிர்நிலை. தமிழில் வினைமுற்று, அதாவது வாக்கியத்தின் செயலைச் சொல்லி முடித்துவைக்கும் சொல், பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில் வரும். யார், எங்கே, யாரை, எதனால் என்பனவெல்லாம் முன்னே வந்து வரிசையில் நிற்க, என்ன ஆயிற்று என்பது மட்டும் இறுதிவரை காத்திருக்கும். ஆகையால் தாள் எங்கே கிழிந்தாலும் முதலில் பறிபோவது வினைமுற்றே. ‘கிணற்றில் தவறி விழுந்த பசுவைத் தீயணைப்பு வீரர்கள் மூன்று மணி நேரம் போராடி’ என்ற இடத்தில் தாள் முடிகிறது. முடியாமல் நிற்கும் இத்தகைய வினையை இலக்கணம் வினையெச்சம் என்கிறது. எச்சத்துக்கு ஒரு முற்று வேண்டும் என்பதும் இலக்கணமே. அம்முற்றை வாசகர் தாமே தருகிறார், கணமும் தயங்காமல் ‘மீட்டனர்’ என்று தருகிறார். பசு இறந்திருக்கலாம், கயிறு அறுந்திருக்கலாம், மூன்று மணி நேரம் போராடிக் களைத்த வீரர்கள் தேநீர் குடிக்கப் போயிருக்கலாம். இவை எவையும் வாசகர் நெஞ்சில் எழுவதில்லை. கிழிந்த வாக்கியத்துக்கு வாசகர் வழங்கும் இம்மங்கல முடிபை நல்வினைமுற்று என்று வழங்கலாம். நல்வினை என்பதற்குப் புண்ணியம் என்ற பொருளும் இருப்பது இப்பெயருக்கு வலுச்சேர்க்கும். அதே மனிதர் காலையில் முழு நாளிதழைக் கையில் பிடித்தால் நாடு கெட்டுவிட்டது என்று முணுமுணுக்கிறார். மாலையில் பஜ்ஜி சுற்றிய கால்பக்கத்தைப் பிடித்தால் உலகத்தின்மேல் நம்பிக்கை கொள்கிறார். செய்தியின் முக்கால் பங்கை நீக்கிவிட்டால் எஞ்சுவது நம்பிக்கை என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம் ஆகலாம். பஜ்ஜியின் பங்கையும் கணக்கில் கொள்ள வேண்டியிருக்கிறது.

நல்வினைமுற்றின் ஆட்சியை ராசிபலன் பகுதியில் இன்னும் தெளிவாகக் காணலாம். பொட்டலத் தாளில் உள்ள பலன் ஏழு மாதத்துக்கு முந்தைய வியாழக்கிழமைக்கு உரியது என்பது தாளின் உச்சியிலேயே அச்சிட்டிருக்கும். ஆயினும் தம் ராசியைத் தேடாமல் தாளைக் கசக்கியவர் அரியர். அங்கே ‘எதிர்பாராத பணவரவு’ என்றிருந்தால், தாள் இன்று கைக்கு வந்ததே ஒரு குறிப்பு என்று கொண்டு பலன் இன்றைக்கே ஆக்கப்படுகிறது. ‘வீண் அலைச்சல், வாக்குவாதம்’ என்றிருந்தால் கண் உடனே உச்சிக்கு ஏறித் தேதியைப் பார்க்கிறது, அது கழிந்துபோன நாள் என்று உறுதி செய்துகொள்கிறது. ஒரே தாள் நல்லதற்கு இன்றும் கெட்டதற்கு அன்றுமாக இருக்கும் இக்காலக் கணக்கைச் சோதிட நூல்கள் வகுத்ததாகத் தெரியவில்லை, வாசகர்களே வகுத்துக்கொண்டனர்.

நாளிதழ் அல்லாத தாள்களும் பொட்டலமாவதுண்டு. அவற்றுள் தலையாயது பள்ளிக் குறிப்பேடு. ஆண்டுத்தேர்வு முடிந்த கோடையில் எடைக்குப் போகும் இவை, பள்ளி திறக்கும் நாட்களில் சுண்டலோடு திரும்பி வருகின்றன. மண்புழுவின் பயன்கள் என்ற தலைப்பின் கீழ் நான்கு வரிகளும், பக்கவாட்டில் சிவப்பு மையால் ஒரு சரிக்குறியும், ‘கையெழுத்தைத் திருத்து’ என்ற கட்டளையும் காணும் நடுவயதினர், அச்சிறுவன் யாரென்று அறியாதபோதும் மண்புழு உழவனின் நண்பன் என்பதை நெடுநாளைக்குப் பின் நினைவுகூர்கின்றனர். அவர்களும் அதைத்தான் எழுதினர். அவர்களுக்கும் அதே கட்டளைதான் கிடைத்தது. நினைவேக்கம் எனப்படும், கடந்ததை எண்ணி இனிமையாக வருந்தும் இம்மனநிலைக்குச் சிலர் பெரும்பொருள் செலவிட்டுச் சொந்த ஊருக்குப் போகின்றனர். சுண்டல்காரரிடம் அது விலையில்லாமல் கிடைக்கிறது.

பொட்டலமாவதால் சற்றும் சேதமுறாத எழுத்து ஒன்றே ஒன்று உண்டு. அது தினத்தந்தியில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் வெளிவரும் கன்னித்தீவு என்னும் படக்கதை. அதன் நாயகர் சிந்துபாத் எங்கிருந்து புறப்பட்டார் என்பது மறந்தும், எப்போது சேர்வார் என்பது தெரியாமலும் தொடரும் அக்கதையை நாளிதழில் படிப்பவரும் பொட்டலத்தில் படிப்பவரும் ஒரே நிலையில் இருப்பவர்களே.

இவ்வாசிப்புக்கு இடையூறு சட்டத்தின் வழியே வந்தது. அச்சு மையின் சாயங்களும் அதிலுள்ள கனிம எண்ணெயும் உணவில் கலந்து உடலுக்குக் கேடு செய்யும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2016இல் எச்சரித்தது. உணவைச் செய்தித்தாளில் சுற்றலாகாது என்று 2018ஆம் ஆண்டின் பொதிவு விதிகள் தடுத்தன. இது முறையான தடையே. சூடான இட்லியின் முதுகில் நேற்றைய தலைப்பு இடவலம் மாறிப் பதிந்திருப்பதைக் கண்டவர் எவரும் அதை மறுக்கார். ஆனால் அதன்பின் வந்த பழுப்பு உறையில் படிக்க ஒன்றும் இல்லை. இருந்தால் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று மட்டும் இருக்கிறது. ‘வருக’ என்பது வியங்கோள் வினைமுற்று. வாழ்த்தலும் வேண்டலுமாகிய பொருளில் வாக்கியத்தை அது தானே முடித்துவிடுகிறது. வாசகர் செய்வதற்கு அங்கே வேலை இல்லை.

விதி உணவுக்கு மட்டுமே உரியது என்பதால் இரும்புக் கடை இன்னும் எஞ்சியிருக்கிறது. 100 கிராம் ஆணி கேட்டால் அங்கே இன்றும் நாளிதழில் மடித்துத் தரக் காணலாம். ஆணிப் பொட்டலத்தில் எண்ணெய் இல்லை, ஊடுநோக்கு இல்லை. மாறாகத் துளைகள் உண்டு. வீடு வந்து சேர்வதற்குள் ஆணிகள் தாளைக் குத்தி வெளியே எட்டிப்பார்க்க, ‘கனமழை காரணமாக இன்று அனைத்துப் பள்ளிகளுக்கும்’ என்ற வரியின் முடிவில் ஒரு சொல்லளவு ஓட்டை விழுந்திருக்கும். வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருக்கலாம், தாள் ஐப்பசி மாதத்தது ஆகலாம், அதைப் பிடித்திருப்பவர் பணி ஓய்வு பெற்றுப் பத்தாண்டு கழிந்தவராகவும் இருக்கலாம். அந்த ஓட்டையில் என்ன சொல் இருந்தது என்று அவர் யாரையும் கேட்பதில்லை.